மூன்று வண்ணப் பிலிம்கள், இரண்டு பழைய கேமராக்கள்: குறை எதில் என்று எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி: முதல்சுருள்

அனைவருக்கும் வணக்கம். உறவினர் ஒருவரின் அலமாரியில் பல ஆண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பழைய கேமராக்கள் அண்மையில் என் கைக்கு வந்தன. ஒன்று எம்42 திருகு மவுண்ட்டும் (லென்ஸைத் திருகிப் பொருத்தும் வாய்) துணித்திரை ஷட்டரும் கொண்ட எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும் கேமரா. அதனுடன் 50 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஒன்றும் இருக்கிறது. மற்றது லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய ரேஞ்ச்ஃபைண்டர், தனிச் சாளரத்தின் வழியே பார்த்து ஃபோகஸ் செய்யும் வகை. அதன் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதன் ஒளியளக்கும் மீட்டருக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்த வகை இப்போது கிடைப்பதில்லை என்பதால், அதே அளவிலான 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டேன். ஊசி நன்றாகவே நகர்கிறது.

பிலிமில் படம் எடுப்பது எனக்குப் புதிதன்று. ஆனால் இதுவரை எடுத்தவையெல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணப் பிலிம்களுக்குள் என்ன வேறுபாடு என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில், கேமராக்களையும் அப்படியே சோதித்துவிடலாமே என்று எண்ணி, கோடக் கோல்ட் 200, போர்ட்ரா 400 ஆகிய இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எஸ்எல்ஆரிலும், எக்டார் 100-ஐ ரேஞ்ச்ஃபைண்டரிலும் போட்டு எடுத்தேன். மூன்றிலும் ஒரே சிமெண்ட் சுவரையும், அதன் அருகிலிருந்த செடிகளையும், ஒரு முகத்தையும் எடுத்திருக்கிறேன். மூன்று ரோல்களையும் ஒரே லேபில் கழுவி, அங்கேயே ஸ்கேன் செய்து வாங்கினேன்.

வந்த படங்களைப் பார்த்தால் குழப்பமே மிஞ்சுகிறது. கோல்டில் சில படங்கள் மஞ்சள் பூசியதைப் போல இருக்கின்றன. ஆனால் அடுத்த படத்தில் அந்த மஞ்சள் காணாமல் போகிறது. எக்டாரில் நிழல்கள் நீலம் பாய்ந்து, கலங்கலாகத் தெரிகின்றன, நெகட்டிவும் மெலிந்திருக்கிறது. போர்ட்ராவின் நிறங்கள் பரவாயில்லை, ஆனால் வெயிலில் எடுத்த பல படங்களில் ஒரு பக்கம் மட்டும் இருண்டிருக்கிறது. இவை போதாதென்று, எஸ்எல்ஆரில் எடுத்த இரண்டு ரோல்களிலும் ஆங்காங்கே ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறக் கீற்று ஒன்று படத்துக்குள் நுழைகிறது.

கோல்ட் மஞ்சளடிக்கும், எக்டாரின் நிழலில் நீலம் ஏறும், போர்ட்ராதான் நம்பகமானது என்று முடிவுகட்டிவிடலாமா? அல்லது இவற்றில் எது பிலிமின் இயல்பு, எது கேமராவின் கோளாறு, எது லேபின் கைவண்ணம் என்று பிரித்துப் பார்க்க வழி இருக்கிறதா? அடுத்த சோதனையை ஸ்லைடு பிலிமில் (நெகட்டிவாக இல்லாமல் நேர்ப்படமாகவே வரும் பிலிம்) செய்தால் உண்மை தெளிவாகும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அதைப் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.


மறுமொழி: துணித்திரை

முடிவுகட்ட வேண்டாம். பிலிமும் தெரியாத பொருள், கேமராவும் தெரியாத பொருள் என்னும்போது, ஒரே ரோலை வைத்து இரண்டையும் அளக்க முடியாது. ஆனாலும் நீங்கள் எடுத்த மூன்று ரோல்களும் வீணில்லை. நெகட்டிவ்கள் கையில் இருக்கும்வரை அவற்றிலிருந்தே பாதி விடையைப் படித்துவிடலாம். ஸ்கேன் கோப்புகளைச் சற்று நேரம் மறந்துவிட்டு, நெகட்டிவ்களை ஒளிப்பலகையிலோ, வெள்ளைத் திரை காட்டும் கைப்பேசியின் மீதோ வைத்துப் பாருங்கள்.

முதலில் எக்டார். படம் மெலிந்திருக்கிறது என்கிறீர்கள். பிலிமின் ஓரத்தில் தயாரிப்பாளர் ஒளியால் பதித்த பெயரும் பட எண்களும் இருக்கும். அவை எப்படித் தெரிகின்றன? அந்த எழுத்துகள் அழுத்தமாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால், கழுவியதில் குறையில்லை, எடுக்கும்போதே ஒளி போதவில்லை என்று பொருள். எழுத்துகளும் சேர்ந்து வெளிறியிருந்தால்தான் கழுவும் கரைசலான டெவலப்பரைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் முதலாவதே நடந்திருக்கும் என்பது என் ஊகம். காரணம் அந்த ஆல்கலைன் பேட்டரி. 1.35 வோல்ட்டுக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்ட எளிய மீட்டருக்கு 1.5 வோல்ட் கொடுத்தால் ஊசி தேவைக்கு மேல் ஏறுகிறது. வெளிச்சம் அதிகம் இருப்பதாக மீட்டர் நம்புகிறது. விளைவாகப் பிலிமுக்குப் போகும் ஒளி குறைகிறது. பாதரச பேட்டரியின் சிறப்பே அது தீரும்வரை ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தைத் தருவதுதான். ஆல்கலைனோ பயன்படுத்தப் பயன்படுத்தச் சரிந்துகொண்டே போகும், எனவே பிழையும் ஒரே அளவில் நிற்காது. சில பழைய கேமராக்களில் பிரிட்ஜ் சுற்று இருப்பதால் மின்னழுத்த வேறுபாடு அவற்றைப் பாதிப்பதில்லை. உங்களுடையது அந்த வகையா என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, நம்பகமான வேறொரு மீட்டரோடு ஒப்பிட்டாலே போதும். மேகமற்ற நண்பகல் வெயிலில் லென்ஸின் திறப்பை (அபர்ச்சர்) எஃப்/16-இல் வைத்தால் ஷட்டர் வேகம், பிலிமின் வேகத்தைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணின் தலைகீழாக இருக்க வேண்டும் என்ற பழைய விதியும் உதவும்: எக்டார் 100-க்கு எஃப்/16-இல் 1/125 அல்லது அதையொட்டி வர வேண்டும். மாற்றாக, காது கேட்கும் கருவிகளுக்கான 675 எண் கொண்ட துத்தநாகக் காற்று பேட்டரியைப் பயன்படுத்தலாம். அது சுமார் 1.4 வோல்ட்டை நிலையாகத் தரும். ஆனால் அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்துவிட்டால், பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தீர்ந்துவிடும். அளவில் சிறியது என்பதால் சுற்றிலும் ஒரு வளையம் வைத்து இருத்த வேண்டியிருக்கும்.

அடுத்து ஒரு பக்கம் இருள்வது. இது பிலிமின் தவறே அன்று. உங்கள் எஸ்எல்ஆரில் இரண்டு துணித்திரைகள் கிடைமட்டமாக, 36 மி.மீ. அகலத்தையும் கடந்து ஓடுகின்றன. 1/1000 நொடியில் முழுப் படச் சட்டமும் ஒருபோதும் ஒன்றாகத் திறப்பதில்லை. முதல் திரையின் பின்னாலேயே இரண்டாம் திரை துரத்திச் செல்ல, இடையில் 2 அல்லது 3 மி.மீ. அகலமுள்ள பிளவு ஒன்றுதான் நகர்கிறது. எண்ணெய் உலர்ந்து முதல் திரை தளர்ந்துபோனால், இரண்டாம் திரை அதை நெருங்கி, பிளவு போகப்போகக் குறுகும். சில சமயம் முழுவதும் மூடியும்விடும். அந்தப் பக்கம் இருண்டுபோகிறது. கோல்டில் இது ஏன் தெரியவில்லை என்று யோசித்தீர்களா? வெயிலில் 200 வேகப் பிலிமுக்கு 1/250 போதுமாக இருந்திருக்கும். 400 வேகப் பிலிமுக்கு எஃப்/11 வைத்தாலே 1/1000 கேட்கும். போர்ட்ரா கேமராவின் பலவீனமான இடத்தைத் தொட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இதைப் பிலிம் செலவழிக்காமலேயே சோதிக்கலாம். லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்து, 1/1000-இல் பல முறை இயக்கிப் பாருங்கள். சட்டத்தின் இரு ஓரங்களும் ஒரே பிரகாசத்தில் மின்ன வேண்டும். மெதுவான வேகங்களுக்குக் கைப்பேசியின் ஸ்லோமோஷன் போதும். நொடிக்கு 240 சட்டங்கள் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 4.2 மில்லிநொடி, 1/30-இல் ஷட்டர் ஏறக்குறைய 8 சட்டங்கள் திறந்திருக்க வேண்டும், 1/60-இல் 4. அதற்கு மேல் இந்த முறை கைகொடுக்காது. ஒளியுணர் டயோடு ஒன்றைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் இணைத்து அளப்பவர்கள் உண்டு. எண்கள் சற்று விலகினால் கலங்காதீர்கள். 1/1000 என்று பொறித்தது 1/700-ஆக ஓடினால் அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) மட்டுமே கூடுதல், வண்ண நெகட்டிவ் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. எல்லா இடத்திலும் ஒரே அளவு விலகல் என்பது மன்னிக்கக்கூடிய குறை, இடத்துக்கு இடம் மாறும் விலகல் பழுது. பழுது பார்க்கும்வரை 1/250-க்கு மேல் போகாமல் இருங்கள், அந்த வேகத்தில் சுவர் சோதனை சமமாக இருந்தால்.

ஆரஞ்சுக் கீற்று ஒளிக்கசிவு. அது நெகட்டிவில் துளைகள் இருக்கும் ஓரப்பகுதி வரை நீள்கிறதா, படச் சட்டத்தின் எல்லையிலேயே நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். ஓரம்வரை போனால் பின்கதவுப் பக்கமிருந்து ஒளி வருகிறது. சட்டத்துக்குள் மட்டும் நின்றால் திரைத்துணியில் ஊசித்துளை இருக்கலாம். நிறம் ஏன் ஆரஞ்சு என்பதற்கும் விடை பிலிமின் அடுக்குகளில் இருக்கிறது. வண்ண நெகட்டிவில் நீல ஒளியை உணரும் அடுக்கு லென்ஸ் பக்கம் மேலே, பச்சை நடுவில், சிவப்பு அடியில். கதவின் வழியே கசியும் ஒளி பிலிமின் முதுகைத் துளைத்துச் செல்வதால் முதலில் சிவப்பு அடுக்கைத்தான் தாக்குகிறது. பிலிமைத் தலைகீழாகச் சுற்றி வேண்டுமென்றே செம்மையான படம் எடுப்பவர்கள் பயன்படுத்துவதும் இதே தத்துவத்தைத்தான். கதவின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு நுரைப் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். தார்போல ஒட்டினால் அதன் காலம் முடிந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் பொறுமையாகத் துடைத்தெடுத்துப் புது நுரை ஒட்டுங்கள். துகள்கள் திரைமேல் விழாமலும், ஆல்கஹால் ஃபோகசிங் திரையைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கேமரா கைக்கு வந்தால், கதவைத் திறக்கும் முன் ரீவைண்ட் திருகை மெல்லச் சுற்றிப் பாருங்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். அது இறுகினால் உள்ளே யாரோ எடுத்து முடிக்காத ரோல் இருக்கிறது.


மறுமொழி: சாம்பல் அட்டை

துணித்திரை கேமராப் பக்கத்தைத் தெளிவாக்கிவிட்டார். மஞ்சளைப் பற்றி மட்டும் நான் பேசுகிறேன், ஏனெனில் உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் சுவையாகப் பட்டது ஒரு சிறு வாக்கியம்: "அடுத்த படத்தில் அந்த மஞ்சள் காணாமல் போகிறது." பிலிமுக்கு மஞ்சளடிக்கும் குணம் இருந்தால், அது படத்துக்குப் படம் வந்து போகாது. வந்து போவது ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம். லேபுகளில் உள்ள ஸ்கேனர் ஒவ்வொரு சட்டத்தையும் தனியாகப் பார்த்து, அதில் உள்ள நிறங்களின் சராசரியை வைத்து, எது நடுநிலை என்று தானே முடிவு செய்கிறது. சட்டம் முழுக்கப் பச்சைச் செடி இருந்தால் அது பச்சையைக் குறைக்க முயன்று முகத்தைக் கெடுக்கும். சிமெண்ட் சுவர் இருந்தால் சரியாக முடிக்கும். ஆகவே, லேபிலிருந்து வந்த கோப்புகளை வைத்து மூன்று பிலிம்களை ஒப்பிடுவது என்பது, பெரும்பாலும் ஒரே ஸ்கேனர் மூன்று வேளைகளில் எடுத்த முடிவுகளை ஒப்பிடுவதாகவே முடியும். இணையத்தில் காணப்படும் பிலிம் ஒப்பீடுகளில் பலவும் இந்தக் குழியில் விழுந்தவை என்பது என் தனிப்பட்ட கருத்து.

ஆனால் திருத்தத்துக்கு முன்பு ஏதோ ஒரு மஞ்சள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் உங்கள் லென்ஸைச் சந்தேகிக்கிறேன். 1940-களிலிருந்து 1970-கள் வரை, ஒளிவிலகல் எண்ணைக் கூட்டுவதற்காகத் தோரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடியைச் சில லென்ஸ்களில் பயன்படுத்தினார்கள். ஏழு கண்ணாடிகள் கொண்ட சூப்பர் தக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 அவற்றில் பெயர்பெற்றது. தோரியத்தின் கதிரியக்கம் பல்லாண்டுகளில் அந்தக் கண்ணாடியையே தேநீர் நிறத்துக்கு மாற்றிவிடுகிறது. உங்கள் லென்ஸை எஃப்/1.4-இல் முழுதாகத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளின்மீது வைத்து, அதன் வழியே தாளைப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால், நீங்கள் இரண்டு ரோல்களையும் ஒரு மஞ்சள் ஃபில்டர் வழியாக எடுத்திருக்கிறீர்கள். லென்ஸ் வழியே அளக்கும் மீட்டர், இழந்த வெளிச்சத்தை ஈடுகட்டிவிடும்; இழந்த நீலத்தை ஈடுகட்டாது. புறஊதா ஒளியில் சில நாட்களோ வாரங்களோ வைத்தால் இந்த நிறம் பெருமளவு தெளியும். வெயிலில் வைப்பதானால் கண் பார்வையில் வைத்துச் செய்யுங்கள். லென்ஸ் என்பது தீ மூட்டவும் வல்ல கண்ணாடி.

நீங்கள் கவனிக்க வேண்டியது, போர்ட்ராவும் இதே லென்ஸ் வழியேதான் போயிற்று என்பது. அது மஞ்சளடிக்கவில்லை, கோல்ட் மஞ்சளடித்தது என்றால், ஒன்றை ஸ்கேனர் நன்றாகத் திருத்தியது, மற்றதைத் திருத்தவில்லை என்பதே நேரான விளக்கம்.

இனி ஒப்பீட்டை எப்படிச் செய்வது என்பதற்கு வருகிறேன். ஒரே கேமரா, ஒரே லென்ஸ், முக்காலி, ஒரே வெளிச்சம். பகல் வெளிச்சத்துக்கான பிலிம்கள் ஏறக்குறைய 5500 கெல்வினுக்குச் சமன் செய்யப்பட்டவை. எனவே மாலை மங்கும் நேரத்தில் ரோல் மாற்றிக்கொண்டு நின்றால், இரண்டாவது ரோல் செம்மையாக வருவதற்குப் பிலிம் பொறுப்பாகாது. காட்சியில் ஒரு நடுச்சாம்பல் அட்டை கட்டாயம் இருக்கட்டும். 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டை இருந்தால் மிக நன்று. மீட்டர் சொன்ன அளவில் ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று, பிறகு ஒன்று, இரண்டு, மூன்று ஸ்டாப் கூட்டி ஒவ்வொன்று எனத் தொடராக எடுங்கள். பிலிமின் குணம் சரியான எக்ஸ்போஷரில் (பிலிமில் விழும் ஒளியின் அளவு) தெரிவதைவிடத் தவறான எக்ஸ்போஷரில் தெளிவாகத் தெரியும். வண்ண நெகட்டிவ்கள் கூடுதல் ஒளியை இரண்டு, மூன்று ஸ்டாப்வரை தாங்கிக்கொள்ளும். ஒரு ஸ்டாப் குறைந்தாலே நிழல்களில் துகள் எழுந்து, நிறம் கலங்கத் தொடங்கும். எக்டாரில் நீங்கள் கண்ட நீலம் அந்த வகையே. 2008-இல் வந்த அந்தப் பிலிம் நுண்ணிய துகளுக்கும் அழுத்தமான நிறங்களுக்கும் பெயர்பெற்றது; ஆனால் குறைந்த ஒளியை அது போர்ட்ராவைப் போல மன்னிப்பதில்லை.

நெகட்டிவ்களை நீங்களே டிஜிட்டல் கேமராவால் படியெடுங்கள். எக்ஸ்போஷர் கைமுறையில், எல்லாப் படங்களுக்கும் ஒன்றே. ஒவ்வொரு பிலிமிலும் படம் விழாத வெற்று இடத்தையும் ஒருமுறை எடுத்து, அந்த ஆரஞ்சு அடித்தளத்தை வைத்து வெள்ளைச் சமநிலையை நிர்ணயித்துவிட்டு, பின்னர் எதையும் தொடாமல் நிறங்களைத் தலைகீழாக்கி நேர்ப்படமாக்குங்கள். அந்த ஆரஞ்சு வெறும் சாயமன்று. சயான், மெஜந்தா சாயங்கள் தாம் விழுங்கக் கூடாத ஒளியையும் சிறிது விழுங்குகின்றன. அந்தக் குறையைச் சமன் செய்வதற்காகவே அமைந்த முகமூடி அது. பிலிமுக்குப் பிலிம் அதன் அடர்த்தி மாறுவதால், ஒன்றின் அடித்தளத்தை வைத்து மற்றொன்றைத் திருத்தக் கூடாது.

இதன்பின் ஒவ்வொரு பிலிமிலும் சாம்பல் அட்டையைச் சாம்பலாக்கிவிட்டு மற்ற நிறங்களைப் பாருங்கள். சாம்பல் ஒன்றானபின் எஞ்சி நிற்கும் வேறுபாடே பிலிமுடையது: கோல்டில் மஞ்சளும் செம்மையும் இதமாகத் திரள்வது, எக்டாரில் சிவப்பு துருத்திக்கொண்டு நிற்பது, போர்ட்ராவில் முகத்தின் ஒளிப்பகுதியிலிருந்து நிழலுக்கு மெதுவாக இறங்குவது. நடுச்சாம்பல் சரியாகியும், ஒளிமிகுந்த இடத்தில் ஒரு நிறமும் நிழலில் அதற்கு எதிர்நிறமும் தங்கினால், எந்தத் திருத்தமும் அதை முழுதாகப் போக்காது. குறைந்த எக்ஸ்போஷர், காலாவதியான பிலிம், கழுவியதில் பிழை ஆகிய மூன்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். வண்ண நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 நொடி என்பது கணக்கு. வெப்பநிலையில் கால் டிகிரி விலகலையே அது விரும்புவதில்லை. எனவே ஒப்பிடும் ரோல்களை ஒரே நாளில், ஒரே இடத்தில் கழுவக் கொடுங்கள்.


மறுமொழி: நேர்ப்படம்

ஸ்லைடு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நண்பர் சொன்னதை நான் பாதி ஏற்கிறேன். ஸ்லைடில் கழுவி வந்த பிலிமே இறுதிப் படம்; நடுவில் மொழிபெயர்க்க யாருமில்லை. ஷட்டர் அரை ஸ்டாப் தவறினாலும் ஒளிப்பலகையில் வைத்த கணமே தெரிந்துவிடும். லென்ஸின் மஞ்சளும் திருத்தப்படாமல் அப்படியே வந்து நிற்கும். 2018-இல் மீண்டும் விற்பனைக்கு வந்த எக்டாக்ரோம் இ100, ஃபியூஜியின் ப்ரோவியா 100எஃப், வெல்வியா 50 என்று தேர்வுகள் இன்னும் இருக்கின்றன. இவற்றுள் கேமராவைச் சோதிக்க வெல்வியாவை எடுக்க வேண்டாம். அது நிறத்தையும் ஒளி நிழல் முரணையும் தன் விருப்பத்துக்கு உயர்த்திக் காட்டுவது. சாட்சி சொல்ல வந்தவர் கதை சொல்லத் தொடங்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

ஏற்காத பாதி இது. கசிவும் திரைக்கோளாறும் இருப்பது உறுதியாகத் தெரிந்த கேமராவில் ஸ்லைடைப் போடுவது ஆழம் தெரியாமல் காலை விடுவதாகும். அந்தக் குறைகள் நெகட்டிவிலேயே தெரிந்துவிட்டன. அவற்றை இன்னொரு முறை அழகாகப் பார்ப்பதால் என்ன பயன்? நுரையை மாற்றி, சுவர் சோதனையில் தேறியபின், அளவுகள் எவ்வளவு துல்லியம் என்று அறியத்தான் ஸ்லைடு. அதற்கு முன்பு, நீங்களே கழுவக்கூடிய கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றைப் போட்டு, ஒவ்வொரு வேகத்திலும் அபர்ச்சரை மட்டும் ஈடாக மாற்றிக்கொண்டே அதே சுவரை எடுங்கள். எல்லாச் சட்டங்களும் ஒரே அடர்த்தியில் வந்தால் ஷட்டர் நேர்மையானது. ஏதேனும் ஒன்று மட்டும் விலகினால், எந்த வேகம் பொய் சொல்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும். அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் படர்ந்து மெதுவாக மூடினாலும் இதே ரோல் காட்டிக்கொடுக்கும். எஃப்/16-இல் எடுத்தவை மட்டும் கூடுதல் ஒளி வாங்கியிருக்கும்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஃபோகஸ் சோதனையும் தேவை. எஸ்எல்ஆரில் நீங்கள் லென்ஸ் வழியே பார்க்கிறீர்கள். ரேஞ்ச்ஃபைண்டரில் வேறொரு சாளரத்தின் வழியே பார்த்துவிட்டு லென்ஸை நம்புகிறீர்கள். பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடும் தண்டவாளங்களின்மேல் ஒளிபுகும் மங்கலான ஒட்டுநாடாவை இழுத்து ஒட்டி, ஷட்டரை பி நிலையில் திறந்து வைத்து, தொலைவில் உள்ள ஒரு பொருளின் இரு பிம்பங்களையும் சாளரத்தில் ஒன்றாக்குங்கள். நாடாவில் விழும் படமும் அதே நேரத்தில் கூர்மையாக இருக்க வேண்டும்.


தொடர்ச்சி: முதல்சுருள்

மூவருக்கும் நன்றி. சொன்னவற்றில் பெரும்பகுதியை இந்த வாரத்தில் செய்து பார்த்தேன்.

எக்டாரின் ஓர எழுத்துகள் மற்ற இரண்டு ரோல்களைப் போலவே அழுத்தமாக இருக்கின்றன. ஆகவே கழுவியதில் பிழையில்லை. ரேஞ்ச்ஃபைண்டர் மீட்டரை என் டிஜிட்டல் கேமராவோடு ஒரே சுவரில் ஒப்பிட்டபோது அது ஒன்றேகால் ஸ்டாப் குறைவாக எடுக்கச் சொல்கிறது. 675 பேட்டரி போட்டபின் வேறுபாடு கால் ஸ்டாப்புக்குள் வந்துவிட்டது. லென்ஸைத் தாளில் வைத்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. அவ்வளவு மஞ்சளை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. சாளரத்தின் வழியே பார்க்கும்போது கண் அதற்குப் பழகிவிடுகிறது போலும்.

கோல்ட், போர்ட்ரா இரண்டிலும் இருந்த சிமெண்ட் சுவர்ப் படங்களை, அந்தந்தப் பிலிமின் அடித்தளத்தை வைத்துச் சமன் செய்து நானே படியெடுத்தேன். நான் எதிர்பார்க்காதது நடந்தது: சுவர் இரண்டிலுமே மஞ்சளாக வந்தது, அதுவும் ஏறக்குறைய ஒரே அளவில். லேப் கோப்புகளில் கண்ட வேறுபாட்டில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. எஞ்சியது போர்ட்ராவின் நிழல்கள் சற்று மென்மையாக இருப்பது மட்டும்தான், நான் சொல்லத் துணிந்தவரை.

1/1000-இல் திரையின் ஒரு ஓரம் கண்ணுக்கே இருட்டாகத் தெரிகிறது. 1/500-இல் ஐயத்துக்கு இடமிருக்கிறது. 1/250-இல் சமமாக இருக்கிறது. கீற்று துளைகள்வரை நீள்கிறது, கீல் பக்கத்து நுரை விரலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நுரையை மாற்றிவிட்டேன், லென்ஸைப் புறஊதா விளக்கின்கீழ் வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் எஞ்சியிருக்கிறது. லென்ஸ் முழுதாகத் தெளியும்வரை காத்திருக்க வேண்டுமா, அல்லது மூன்று பிலிம்களையும் இதே மஞ்சள் லென்ஸில் எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே குறை என்பதால் ஒப்பீடு செல்லுமா?


மறுமொழி: சாம்பல் அட்டை

காத்திருங்கள். குறை பொதுவாக இருந்தாலும் அதன் விளைவு பொதுவாக இராது. மஞ்சள் கண்ணாடி நீல ஒளியை மட்டும் வடிகட்டுவதால், ஒவ்வொரு பிலிமிலும் நீலம் உணரும் அடுக்கு ஒரு ஸ்டாப்புக்கு அருகில் குறைவாக எக்ஸ்போஸ் ஆகியிருக்கலாம், மற்ற இரண்டும் சரியாக இருக்கும்போதே. அந்தக் குறைவை எக்டார் ஒரு விதமாகவும் போர்ட்ரா ஒரு விதமாகவும் தாங்கும். நீங்கள் அளப்பது அந்தத் தாங்குதிறனை மட்டுமே ஆகிவிடும். எம்42 மவுண்ட்டில் தோரியம் இல்லாத எளிய லென்ஸ்கள் நிறைய உண்டு. ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் நாளையே தொடங்கலாம். 1/250-ஐத் தாண்டாமல், ஒவ்வொரு சட்டத்தின் வேகத்தையும் அபர்ச்சரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே எடுங்கள். சாம்பல் அட்டையை முகத்தின் பக்கத்தில் பிடிக்கும்போது அதன்மேல் செடியின் பச்சை பிரதிபலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; என் முதல் ஒப்பீடு முழுவதும் அப்படித்தான் பாழானது.